சினைப்பருவம்: 'ஹீட்' என்ற ஒரு சொல்லில் கலந்துபோன மூன்று காலங்கள்

பெட்டை நாய் இணை சேரும் காலத்தை வளர்ப்போர் 'ஹீட்' என்கின்றனர். கால்நடை மருத்துவத்தில் அதன் பெயர் 'ஈஸ்ட்ரஸ்'. இதன் மூலமான 'ஓய்ஸ்ட்ரோஸ்' என்ற கிரேக்கச் சொல், மாடுகளைக் கடித்து அவற்றை வெறிகொண்டு ஓடவைக்கும் ஈயைக் குறித்தது. அதிலிருந்தே வெறி, அடங்கா வேட்கை ஆகிய பொருள்கள் கிளைத்தன. அச்சொல்லைப் பாலூட்டிகளின் இனப்பெருக்கச் சுழற்சிக்குரிய கலைச்சொல்லாக 1900இல் பயன்படுத்தியவர் வால்டர் ஹீப் என்ற ஆங்கிலேய உயிரியலாளர்.

தமிழில் 'வேட்கைப்பருவம்' என்றால் கிரேக்க மூலத்துக்கு நெருக்கமாக இருக்கும். ஆயினும் கறவை மாடு வளர்ப்போரிடம் ஏற்கெனவே வழங்கும் 'சினைப்பருவம்' என்பதே சிறந்தது என்பேன். சினை என்பது கருவையும் முட்டையையும் குறிக்கும். நாம் அறிய விரும்புவதும் வேட்கையை அன்று, கரு தங்கும் நாளையே.

குருதிக் கசிவு தென்படும் முதல் நாளையே பலரும் 'ஹீட்' என்று எண்ணத் தொடங்குகின்றனர். அது முன்சினைப்பருவம், சராசரியாக 9 நாட்கள் நீடிக்கும். பிறப்புறுப்பு வீங்கியிருக்கும், ஆண் நாய் சுற்றிவரும், ஆனால் பெட்டை உட்கார்ந்துகொள்ளும் அல்லது சீறும். இக்கசிவை மாதவிடாய் என்பது பிழை. மாதவிடாய் முட்டை வெளிப்பட்ட பின் வருவது, இதுவோ அதற்கு முன் வருவது. பிறகு கசிவு வெளிறி வைக்கோல் நிறமாகும், வீக்கம் இளகும், இடுப்பைத் தடவினால் நாய் அசையாமல் நின்று வாலை ஒருபுறம் ஒதுக்கும். அதுவே சினைப்பருவம், இதுவும் சராசரியாக 9 நாட்கள்தான் என்றாலும், நாய்க்கு நாய் பெரிதும் மாறுபடும்.

அத்தனை நாட்களிலும் கரு தங்குவதில்லை. நாயின் முட்டைகள் முதிராத நிலையிலேயே வெளிப்படுவதால், அவை முதிர்வதற்கு மேலும் ஏறக்குறைய 2 நாட்கள் வேண்டும். அதன்பின் 2 அல்லது 3 நாட்களே உயிர்ப்புடன் இருக்கும். இந்தக் குறுகிய காலத்தைச் 'சினைபிடிக்கும் நாட்கள்' என்று தனியே வழங்குவது தகும். இதை வாலசைவு மட்டும் காட்டிக்கொடுக்காது. இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மில்லிலிட்டருக்குச் சுமார் 5 நானோகிராமை எட்டும்போது முட்டை வெளிப்படுவதால், அதை அளக்கும் இரத்தப் பரிசோதனையைச் சில நாட்களுக்கு ஒருமுறை செய்து, அந்த அளவை எட்டிய நாளிலிருந்து இணை சேர்க்கும் நாளைக் கணக்கிடுவர்.