கிழிசலுக்கு ஒரு டார்ன், கோபத்துக்கு ஒரு டார்ன்

ஆறாவது படிக்கும் பெண் ஆங்கிலப் படக்கதையில் ஒருவன் "டார்ன் இட்!" என்று கத்துவதைப் பார்த்து அகராதியைப் புரட்டியிருக்கிறாள். 'கிழிசலை நூலோட்டி அடைப்பது' என்று போட்டிருக்கிறது. கோபத்தில் எதற்குக் கிழிசல் தைக்கச் சொல்கிறான் என்று அவள் கேட்க, முழித்த அப்பா எனக்கு எழுதியிருக்கிறார்.

இரண்டும் வேறு வேறு சொற்கள், உருவம்தான் ஒன்று. தையல் கடைப் பலகையில் பார்க்கிற 'டார்னிங்' 1600 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. ஓட்டையின் மேல் நெடுக்காக நூலோட்டி, பிறகு குறுக்கே ஓர் இழைக்கு மேல், அடுத்த இழைக்குக் கீழ் என்று ஊசியை நுழைத்து, அந்த இடத்திலேயே குட்டியாக ஒரு துணி நெய்துவிடுவார்கள். பிரான்சின் வடமேற்கு மூலையில் பேசப்படும் பிரெட்டன் மொழியில் 'துண்டு' என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது என்பது ஒரு கட்சி. 'மறைவான' என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல்தான் மூலம் என்பது இன்னொரு கட்சி. நல்ல டார்னிங் கண்ணுக்கே தெரியாது என்பதால் எனக்கு இரண்டாவதன் மேல்தான் ஆசை, ஆனால் ஆசை சான்றாகாதே.

கோபக்கார டார்ன் அமெரிக்கப் பிறவி. 1780கள் முதல் எழுத்தில் கிடைக்கிறது. 'நரகத்துக்குப் போ' என்கிற சாபமான 'டாம்' என்பதன் இடக்கரடக்கல். வாய்விட்டுச் சபித்தால் தண்டனை என்றிருந்த, அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்துப் பக்கம் பிறந்தது என்பார்கள்.

சரி, 'டா' என்று ஆரம்பித்தாயிற்று, எதிரே பாதிரியார் வருகிறார். எந்த ஒலிக்குத் தாவுவது? இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம். லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியைச் சேர்ந்த ஷிரி லெவ்-ஆரியும் ரயன் மெக்கேயும் 2022இல் வெளியிட்ட ஆய்வில் ஹீப்ரு, இந்தி, ஹங்கேரியன், கொரியன், ரஷ்யன் ஆகிய ஐந்து மொழி வசவுகளைச் சேகரித்துப் பார்த்தார்கள். ய, ர, ல, வ மாதிரி ஒலிகள் வசவுகளில் குறைவு. பிறகு இல்லாத சொற்களை இட்டுக்கட்டி ஆறு மொழிக்காரர்களிடம் 'எது வசவு?' என்று கேட்டால், இந்த ஒலிகள் இருப்பவற்றை அவ்வளவாகச் சந்தேகிக்கவில்லை. ஆங்கில வசவுகளைத் தணித்துச் சொல்லும் சொற்களிலோ இவை கூடுதலாக இருந்தன. 'டாம்' போய் 'டார்ன்' வந்தபோது உள்ளே நுழைந்த 'ர்' அதற்கு ஓர் உதாரணம்.

யரலவழள என்று நாலாம் வகுப்பில் ஒப்பித்தோமே, அந்த இடையினம்! 'ப' சொல்லிப் பாருங்கள், உதடு மூடி, காற்று முட்டி, பட்டென்று வெடிக்கும். 'ய' சொல்லுங்கள், நாக்கு மேலே போய் எதையும் முட்டாமல் காற்றுக்கு வழிவிடும். திட்டுக்கு வெடி வேண்டும்போல. (அதே நியூ இங்கிலாந்தின் பாஸ்டனில் பழைய ஆட்கள் அந்த 'ர்'ரையே விழுங்கிவிடுவார்கள் என்பது வேறு கதை.)

நம்மூர் 'ங்கொய்யால'வைக் கவனியுங்கள். ஆபாசமாக ஆரம்பித்த சொல் பாதியில் ய்ய, ல என்று இடையினத்துக்குள் ஓடி ஒளிந்துகொள்கிறது.

அந்த ஐந்து மொழிகளில் தமிழ் இல்லை. வசவை ஆராயப் பணம் கேட்டுப் போனால் இங்கே சிரிப்பார்கள். ராத்திரியில் பாம்பு என்று சொன்னால் பாம்பு வந்துவிடும் என்று நம்புகிற ஊரில் சொல்லின் சக்தியை அளந்து பார்க்கக் காசில்லை என்பது எனக்கு எரிச்சல்தான். யாராவது செய்தால் முதலில் 'எழவு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளட்டும். ழ, வ, இரண்டு மெய்யும் இடையினம், ஆனாலும் என் பாட்டி சொன்னால் வீடே அதிரும்.