டிஸ்சார்ஜ் புக்கில் மெடல் விட்டுப்போயிருந்தால் யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கத்துக் கிராமங்களில் பழைய பட்டாளத்துக்காரர் வீடுகளில் இதைப் பார்க்கலாம். மெடல் குத்திய போட்டோ சுவரில் தொங்கும். படையிலிருந்து வெளிவரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கைத் திறந்தால் மெடல் பக்கம் காலியாக இருக்கும். 1965-லோ 1971-லோ எல்லையில் நின்றவருக்கு ஒரு வரி எழுத மறந்தார்கள். அந்த ஒரு வரிக்காக எண்பது வயதுக்காரரைப் பேருந்தேற்றி அலைய விடுகிறார்கள். வங்கியில் கேட்டால் பிரயாக்ராஜ் பென்ஷன் அலுவலகத்துக்கு எழுதச் சொல்வார்கள். அங்கே எழுதினால் "எங்கள் வேலை இல்லை" என்று பதில் வரும். ஸ்பர்ஷ் தளத்தில் பேரன் நாள் முழுக்கத் தேடினாலும் மெடல் சேர்க்க வழி கிடைக்காது, ஏனென்றால் ஸ்பர்ஷ் பென்ஷனுக்கானது.

இந்தப் பதிவைத் திருத்தும் அதிகாரம் அவர் பணியாற்றிய பிரிவின் ரெக்கார்ட் ஆபீசுக்கு மட்டுமே உண்டு. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் ஜபல்பூர், ஆர்ட்டிலரி நாசிக் ரோடு, இ.எம்.இ. செகந்திராபாத், மெடிக்கல் கோர் லக்னோ. விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க், கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்குர்த்.

பதிவு ஏன் விட்டுப்போகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் குறையும். சிப்பாய்க்குக் கல்யாணம் ஆனதும், பிள்ளை பிறந்ததும், மெடலுக்குத் தகுதி வந்ததும் அவருடைய யூனிட் வெளியிடும் பார்ட் டூ ஆர்டரில் வர வேண்டும். அதைப் பார்த்துத்தான் ரெக்கார்ட் ஆபீஸ் ஷீட் ரோல் என்ற அவருடைய சேவைப் பதிவேட்டில் ஏற்றும். ஷீட் ரோலிலிருந்துதான் டிஸ்சார்ஜ் புக் எழுதப்படும். போர் மெடல்களோ போர் முடிந்து வெகு நாள் கழித்து அறிவிக்கப்பட்டவை. அதற்குள் ஆள் வேறு யூனிட்டுக்கு மாறியிருப்பார், அல்லது ஊருக்கே வந்திருப்பார். பழைய யூனிட் புதிய யூனிட் போடும் என்று விட்டுவிடும், புதிய யூனிட்டுக்கு விஷயமே தெரிந்திருக்காது. ஆகவே "எனக்கு மெடல் கொடுங்கள்" என்று எழுதாதீர்கள். "இன்ன மெடலுக்கான பார்ட் டூ ஆர்டர் வெளியானதா, வெளியாகியிருந்தால் அதன் எண், தேதி என்ன, வெளியாகவில்லை என்றால் இப்போது வெளியிட்டுப் பதிவு செய்க" என்று எழுதுங்கள். முதல் வகைக் கடிதத்துக்கு ஒரு வரி மறுப்பு வரும். இரண்டாவதற்கு அவர்கள் ஷீட் ரோலை எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

எழுதுமுன் தகுதியைச் சரிபாருங்கள். பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். யூனிட் பஞ்சாப் எல்லையில் இருந்தது என்பதால் அதில் இருந்த எல்லாருக்கும் 1965 போருக்கான சமர் சேவா ஸ்டார் கிடைத்துவிடாது. போர்ப்பகுதியில் அவர் இருந்திருக்க வேண்டும். அந்தச் சமயம் பயிற்சி மையத்திலோ விடுப்பிலோ இருந்தவருக்கு ரக்ஷா மெடல் வரலாம், ஸ்டார் வராது. ரக்ஷா மெடலுக்கும் 1965 ஆகஸ்ட் 5 அன்று படைப் பட்டியலில் இருந்ததும் 180 நாள் சேவையும் பார்ப்பார்கள். 1971-க்குக் கிழக்கே போனவருக்குப் பூர்வி ஸ்டார், மேற்கே போனவருக்குப் பஸ்சிமி ஸ்டார். எந்தப் பக்கம் என்று மாற்றி எழுதினால் கடிதம் அப்படியே திரும்பும். இருபது வருட நீண்ட சேவை மெடலுக்கு இருபது முழுதாக ஓடியிருக்க வேண்டும். பத்தொன்பதே முக்காலுக்குச் சலுகை கிடையாது. சுதந்திர 25-ஆம் ஆண்டு மெடலும் 50-ஆம் ஆண்டு மெடலும்தான் சுலபம். 1972 ஆகஸ்ட் 15 அன்றோ 1997 ஆகஸ்ட் 15 அன்றோ பணியில் இருந்தது டிஸ்சார்ஜ் புக் தேதிகளிலேயே தெரிந்துவிடும். முதலில் அதைக் கேளுங்கள்.

காசு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். மேலே சொன்ன எந்த மெடலுக்கும் மாதப் பணம் கிடையாது. வீரச்செயலுக்கான விருதுகளுக்குத்தான் உண்டு. சேனா மெடலிலும் வீரத்துக்குக் கொடுத்ததற்கு மட்டும் 2017 ஆகஸ்ட் 1 முதல் மாதம் 2,000 ரூபாய். "ஸ்டார் பதிவானால் பென்ஷன் கூடும், ஐயாயிரம் கொடுங்க" என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பதிவுத் திருத்தத்துக்குக் கட்டணமே இல்லை. பிள்ளைகளின் கல்லூரி இட ஒதுக்கீட்டிலும் இதே கதைதான். மத்திய முன்னுரிமைப் பட்டியலில் வீர விருது பெற்றவரின் பிள்ளைகள் ஐந்தாவது வரிசை, மற்ற முன்னாள் படைவீரரின் பிள்ளைகள் ஆறாவது. மென்ஷன் இன் டெஸ்பாட்ச் (வீரத்துக்காக அறிக்கையில் பெயர் குறிப்பிடப்படுவது) இருந்தால்கூட ஐந்தாவதில் வரலாம், போர் மெடல் இருந்தால் வராது. டெஸ்பாட்ச் பதிவு விட்டுப்போன வீட்டில் பிள்ளை பிளஸ் ஒன் சேரும்போதே எழுதத் தொடங்குங்கள். கவுன்சலிங் மாதத்தில் தொடங்கினால் அந்த வருடத்துக்கு உதவாது.

அடுத்தது நம்பர். சுபேதார், நாயப் சுபேதாராக ஓய்வு பெற்றவருக்கு ஜே.சி. நம்பர் (ஜூனியர் கமிஷன்ட் அதிகாரிகளுக்கான தனி நம்பர்) இருக்கும். ஆனால் 1971-ல் அவர் நாயக் என்றால் அந்த மெடல் பழைய நம்பரில்தான் பதிவாகியிருக்கும். ஜே.சி. நம்பரை மட்டும் எழுதித் தேடச் சொன்னால் "பதிவு இல்லை" என்றே பதில் வரும். இரண்டையும் எழுதுங்கள், கடைசியில் வரும் ஆங்கில எழுத்தையும் விடாதீர்கள். பழைய நம்பர் மறந்துபோனால் பரணில் கிடக்கும் கறுப்பு ட்ரங்க் பெட்டியைக் கீழே இறக்குங்கள். மூடியின்மேல் வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர், ரேங்க், பெயர் எழுதியிருப்பார்கள். தூசியைத் துணியால் ஒற்றியெடுத்தால் தெரியும். மெடல் கையில் இருந்தால் அதன் விளிம்பையும் பின்பக்கத்தையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள், நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். பித்தளைச் சாமான் என்று நினைத்துப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எழுத்து மழுங்கிவிடும். எங்கேயும் நம்பர் இல்லையென்றால் அது கடையில் வாங்கியதாக இருக்கலாம், அதைச் சான்றாக அனுப்பாதீர்கள்.

ரெகுலர் ஆர்மியில் ஓய்வு பெற்று டி.எஸ்.சி.யில் (டிஃபன்ஸ் செக்யூரிட்டி கோர்) மறுபடி சேர்ந்தவர்கள் இந்தப் பக்கம் நிறைய. அவர்களுக்கு இரண்டு டிஸ்சார்ஜ் புக், இரண்டு ரெக்கார்ட் ஆபீஸ். கண்ணூரில் உள்ள டி.எஸ்.சி. ரெக்கார்ட்ஸ், முதல் சேவைக் காலத்து மெடலைத் தானாகச் சேர்க்காது. முதலில் பழைய பிரிவில் திருத்தி வாங்கி, அந்த நகலோடு கண்ணூருக்கு எழுத வேண்டும். நேரே கண்ணூருக்கு எழுதிவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

கடிதத்தை ஆங்கிலத்தில், ஒரே பக்கத்தில் எழுதுங்கள். நம்பர்கள், ரேங்க், டிஸ்சார்ஜ் புக்கில் உள்ள எழுத்துக்கூட்டலில் பெயர், சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி, அந்தக் காலத்து யூனிட், கம்பெனி, இருந்த இடம், மெடலின் முழுப்பெயர் எல்லாம் இருக்க வேண்டும். கருப்பையா என்ற பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, புத்தகத்தில் வேறு மாதிரி இருந்தால் புத்தகத்தில் உள்ளபடியே எழுதி, அடியில் ஒரு வரி விளக்கம் சேருங்கள். கூடவே டிஸ்சார்ஜ் புக்கின் எல்லாப் பக்க நகல், பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் உத்தரவு) நகல், அந்தக் காலத்து லீவ் சர்டிபிகேட், மூவ்மென்ட் ஆர்டர், பே புக் எது கிடைத்தாலும் அதன் நகல். மூலப் புத்தகத்தை முதல் கடிதத்தோடு அனுப்பவே கூடாது. பதிவு செய்ய அவர்களே எழுதிக் கேட்கும்போது கலர் நகல் எடுத்து வைத்துக்கொண்டு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள், ரசீதைத் தொலைக்காதீர்கள். உள்ளூரில் யாரையாவது வைத்துப் புத்தகத்தில் பேனாவால் எழுதிக்கொள்வது எல்லாவற்றையும்விட ஆபத்து. பிறகு அந்தப் புத்தகம் முழுவதையும் சந்தேகப்படுவார்கள்.

கடிதத்தை முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பினால் முகப்புக் கடிதம் கிடைக்கும், பதிலுக்கும் ஒரு பிடி இருக்கும். செட்டிநாட்டில் இதிலேயே ஒரு சுற்று அலைகிறார்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் எல்லாம் சிவகங்கை மாவட்டம். பக்கத்திலேயே இருக்கும் கோனாபட்டும் ராயவரமும் புதுக்கோட்டை மாவட்டம். உங்கள் அடையாள அட்டை எந்த மாவட்டத்தில் பதிவோ அங்கேதான் போக வேண்டும். "நாளைக்கு வாங்க" என்றால் மனுவின் நகலில் சீலும் தேதியும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். சீல் இல்லாத மனு கொடுக்காத மனுதான்.

கணவர் இறந்துவிட்டால் மனைவி எழுதலாம். இறப்புச் சான்றும், மனைவி என்று காட்டும் பி.பி.ஓ.வும் சேர்க்க வேண்டும். கையெழுத்துப் போட வராத ஆத்தாக்களின் கைரேகைக்குச் சாட்சிக் கையெழுத்து வாங்காமல் அனுப்பி, அதற்காகவே திரும்பி வரும் மனுக்கள் உண்டு.

இரண்டு மாதமாகியும் பதில் இல்லையென்றால் நினைவூட்டுக் கடிதம் எழுதி நாளைக் கடத்தாமல் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கம் 2 ரூபாய், பதிலுக்கு 30 நாள் கெடு. தமிழில் எழுதச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனாலும் ஆங்கிலத்தில் எழுதினால் மொழிபெயர்ப்பு என்ற சாக்கு இல்லாமல் போகும். ஷீட் ரோலின் மெடல் பக்க நகல், பார்ட் டூ ஆர்டர் நகல், இந்த இரண்டை மட்டும் கேளுங்கள். "ஏன் தரவில்லை" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். பதில் வராவிட்டால் கெடு முடிந்ததிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் கிடையாது.

"ஆவணம் அழிக்கப்பட்டது" என்ற பதிலைக் கண்டு சோர்ந்துவிடாதீர்கள். பென்ஷன் இல்லாமல் வெளிவந்தவர்களின் ஷீட் ரோலை 25 வருடம் கழித்து விதிப்படி அழிப்பார்கள். லாங் ரோல் என்ற பெரிய பதிவேட்டை அழிக்கக்கூடாது. அதன் சான்றிட்ட நகலைக் கேளுங்கள். அதில் யூனிட்டும் தேதிகளும் கிடைத்தால் உங்கள் கையில் உள்ள லீவ் சர்டிபிகேட்டோடு சேர்த்து மறுபடி மனுச் செய்யலாம். "தகுதி இல்லை" என்ற பதில் வேறு வகை, அதற்கு எந்த விதிப்படி என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கடைசி மறுப்பு வந்த தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதற்காக ஒவ்வொரு பதிலையும் அது வந்த உறையோடு வைத்திருங்கள்.

புத்தகம் திரும்பி வந்ததும் தபால்காரர் போவதற்குள் பிரித்துப் பாருங்கள். மெடல் பெயருக்குப் பக்கத்தில் பார்ட் டூ ஆர்டர் எண், தேதி, அதிகாரியின் கையெழுத்து, வட்ட சீல் நான்கும் இருக்க வேண்டும். சீல் மட்டும் விட்டுப்போனாலும் அன்றைக்கே எழுதித் திருப்பி அனுப்புங்கள்.