விரல் மடங்குகிறதா என்று முதலில் பாருங்கள்

"சின்ன வெட்டுதான் டாக்டர். ரத்தம் அன்னைக்கே நின்னுருச்சு."

சித்திரைக்குப் பிறகு இதையே நான்காவது ஆளிடமிருந்து கேட்டுவிட்டேன். நான்கு பேருக்கும் விரலின் உள்பக்கத்தில் வெட்டு. நான்கு பேருக்கும் காரணம், வருடக்கணக்காகப் பையில் கிடந்த மடக்குக் கத்தி. நான்கு பேரும் நாள் கடத்தி வந்தவர்கள். காரைக்குடியில் கைக்காயங்களைப் பார்க்கிற அறுவை மருத்துவர் நான். வருகிறவர்களிடம் ஒவ்வொருவராகச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கடைசியாக வந்தவர் ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி. வயது 24. சாயப்பொடி டப்பாவின் மூடி இறுகிக் கிடந்ததாம். கத்தி முனையை இடுக்கில் குத்தி நெம்பியிருக்கிறார். அலகை நிமிர்த்திப் பிடிக்கிற பூட்டு விட்டுவிட்டது. அலகு பட்டென்று மடங்கி, பிடியைச் சுற்றியிருந்த ஆட்காட்டி விரலில் இறங்கியது. அம்மா காப்பித்தூளை அப்பித் துணியைச் சுற்றிவிட்டார். பத்து நாளில் காயம் மூடிவிட்டது. மூன்று வாரம் கழித்து என்னிடம் வந்தபோது நகத்தால் கீறியது போல ஒரு தழும்பு, அவ்வளவுதான். கையை மேசைமேல் மல்லாத்தி வைத்து மடக்கச் சொன்னேன். மற்ற விரல்கள் மடங்கின. ஆட்காட்டி விரல் மட்டும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. "வீக்கம் வடிஞ்சா மடங்கும்னு சொன்னாங்க" என்றார். விரலில் வீக்கமே இல்லை.

உடன் வந்திருந்த அப்பா கேட்டார்: "நரம்பு வெட்டுப்பட்டிருந்தா ரத்தம் பீறிட்டிருக்குமே ஐயா?"

இந்தக் கேள்விதான் என்னைப் படுத்துகிறது. படித்தவர், படிக்காதவர் எல்லாரும் கேட்கிறார்கள். குற்றம் அவர்களுடையதும் அல்ல, நாம் பேசுகிற பேச்சு அப்படி. கையில் பச்சையாகத் தெரிகிற ரத்தக்குழாயை நரம்பு என்கிறோம். மரத்துப்போனால் அதையும் நரம்பு என்கிறோம். மணிக்கட்டில் விறைத்து நிற்கிற தசைநாணும் நமக்கு நரம்புதான். மூன்றும் வேறு வேறு. ரத்தம் நின்றுவிட்டது என்றால் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்று மட்டும்தான் அர்த்தம். தொடு உணர்ச்சியைக் கொண்டுபோகிற நரம்பைப் பற்றியும், விரலை இழுத்து மடக்குகிற தசைநாணைப் பற்றியும் அது எதுவுமே சொல்லாது. தசைநாண் முழுவதுமாக அறுந்தாலும் ரத்தம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். வலிகூடப் பெரிதாக இருக்காது. தோல் தன்பாட்டுக்கு ஆறிவிடும். அறுந்த தசைநாண் ஆறாது. விரலை இழுக்கிற தசை முழங்கைக்குக் கீழே இருக்கிறது. அறுந்த முனையை அது உள்ளங்கைக்குள் இழுத்துக்கொண்டுவிடும், பாவாடை நாடா உள்ளே போய்விடுகிற மாதிரி. தானாக வெளியே வந்த நாடாவை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

இன்னொன்றும் இருக்கிறது. கத்தி மடங்கி வெட்டும்போது விரல் பிடியைச் சுற்றி வளைந்திருக்கும். காயத்தைப் பார்க்கும்போது நீட்டி வைத்திருப்போம். அதனால் தோலில் வெட்டு ஓரிடத்திலும் தசைநாணில் வெட்டு வேறிடத்திலும் இருக்கும். காயத்தை விரித்துப் பார்த்தால் வெள்ளையாக, முழுசாகத் தசைநாண் தெரியும். எல்லாம் சரி என்று தையல் போட்டு அனுப்பிவிடுவோம். இளம் மருத்துவர்கள் யாராவது படித்தால், தையலுக்கு முன்னால் விரலை மடக்கச் சொல்லிப் பாருங்கள். மரத்துப்போக ஊசி போட்ட பிறகு உணர்ச்சியைச் சோதிக்கவும் முடியாது.

வீட்டிலேயே பார்க்கலாம், ஒரு நிமிடம் போதும். நடு மூட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்குங்கள். அடுத்து, மற்ற விரல்களை நீட்டிப் பிடித்துக்கொண்டு, அடிபட்ட விரலின் நடு மூட்டை மடக்குங்கள். கட்டைவிரல் தவிர ஒவ்வொரு விரலுக்கும் மடக்குகிற தசைநாண் இரண்டு, நுனிக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று. "பாதி மடங்குதே" என்று திருப்திப்படுபவர்கள் ஒன்றை இழந்தவர்கள். பிறகு விரல் நுனியின் இரு பக்கமும் காகித ஓரத்தால் தடவி, மற்ற விரலோடு ஒப்பிடுங்கள். எதில் குறை தெரிந்தாலும் அன்றே கிளம்புங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் விரலின் உள்பக்க வெட்டை ஒரு மருத்துவர் பார்க்கட்டும். பாதி அறுந்த தசைநாண் இன்று மடங்கும், அடுத்த வாரம் தண்ணிக் குடத்தைத் தூக்கும்போது முழுசாக அறும்.

உள்ளங்கையின் மேல் ரேகையிலிருந்து விரலின் நடுப்பகுதி வரை உள்ள இடத்துக்கு, இரு படைக்கும் நடுவே கிடக்கிற ஆளில்லாப் போர்க்களத்தின் பெயரை, 'நோ மேன்ஸ் லேண்ட்' என்று, வைத்தவர் ஸ்டெர்லிங் பன்னல் என்ற அமெரிக்க மருத்துவர். குறுகலான உறைக்குள் இரண்டு தசைநாணும் நெருக்கி ஓடுவதால், அங்கே உடனே தைக்காதே என்பதுதான் வெகுகாலம் பாடம். 1967இல் ஹரால்டு கிளைனர்ட் தன் முடிவுகளை முன்வைத்த பிறகே அந்தப் பயம் விலகத் தொடங்கியது. மடக்குக் கத்தி சரியாக அந்த இடத்தில்தான் விழுகிறது. இன்று தைக்க முடியும், நன்றாகவே முடியும், சில நாட்களுக்குள் வந்தால். மூன்று நான்கு வாரம் ஆனால் தசை சுருங்கி, உறை ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பல பேருக்கு இரண்டு அறுவை தேவைப்படும். முதலில் உறை இருந்த இடத்தில் சிலிக்கோன் குச்சி ஒன்றை வைப்போம். ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து அதை எடுத்துவிட்டு முன்கையிலிருந்து ஒரு மெல்லிய தசைநாணைக் கொண்டுவந்து பொருத்துவோம். (சிலருக்கு அந்தத் தசைநாண் பிறவியிலேயே இருக்காது. காலில் தேட வேண்டும்.)

கத்திக்கு வருகிறேன். தம்பியிடம் அதைக் கொண்டுவரச் சொன்னேன். ஆறு வருடம் பழகிய கத்தி. பிடியின் பள்ளத்தில் சாக்கு நார், காய்ந்த மாம்பழச் சதை, சிவப்புச் சாயப்பொடி எல்லாம் சேர்ந்து கெட்டியாகிக் கிடந்தது. அலகின் அடியில் வந்து முட்ட வேண்டிய பூட்டுத் தகடு அந்த அழுக்கால் பாதியிலேயே நின்றது. அலகைப் பிடித்து ஆட்டினால் இடவலமாக ஆடியது.

"மலிவுக் கத்தி, அதான்" என்றார் அப்பா. நான் ஒத்துக்கொள்ளவில்லை. சில நூறு ரூபாய்க் கத்தி ஒன்று என் பையிலும் 11 வருடமாக இருக்கிறது. சணல் அறுக்க, பார்சல் பிரிக்க, கொய்யா நறுக்க அது போதும். மாதம் ஒரு தடவை பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பள்ளத்தைத் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்தி, திருகுக்கு ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுகிறேன். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசினாகும். திருகு தளர்ந்தால் இறுக்குங்கள். இறுக்கியும் ஆடினால், அல்லது விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கிக்கொண்டு அதன் முதுகில் லேசாக அழுத்தும்போது பூட்டு விட்டால், அந்தக் கத்தியைத் தூக்கிப் போடுங்கள். சிவப்புப் பிடி போட்ட சுவிஸ் கத்திகளில் பலவற்றுக்குப் பூட்டே கிடையாது, அலகை அழுத்திப் பிடிக்கிற முதுகு வில் மட்டும்தான். ஓபினெல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தியில் 1955 முதல் கழுத்தில் ஒரு வளையம் உண்டு. அதைத் திருப்பினால்தான் பூட்டு. திருப்பாமலே வெட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பூட்டு நன்றாக இருந்தாலும் மடக்குக் கத்தி கடப்பாரை ஆகாது. முனையால் குத்தாதீர்கள். மூடி நெம்பாதீர்கள், திருகு முடுக்காதீர்கள். தேங்காய் மூடியை இடது உள்ளங்கையில் ஏந்தி, கத்தி முனையால் சில்லு பெயர்க்கும் ஆச்சிமார்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: மூடியைத் தரையில் வைத்து, மொண்ணைக் கரண்டிக் காம்பால் பெயர்த்துக்கொள்ளுங்கள். சில்லு தெறித்ததும் முனை நேராக உள்ளங்கைக்குத்தான் வரும். கூர் மழுங்கினால் உடனே தீட்டுங்கள். மழுங்கிய கத்திக்கு அழுத்தம் கூடுதலாக வேண்டும், அழுத்தம் கூடினால் வழுக்கும். சக்கரச் சாணையில் நெருப்புப் பறக்கப் பிடித்து அலகு நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் உரம் போய்விட்டது. தண்ணீர் தெளித்த கல்லில் மெதுவாகத் தீட்டுவது நல்லது.

வெட்டுப்பட்டால்: குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சுத்தமான துணியால் பத்து நிமிடம் இடைவிடாமல் அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். மோதிரத்தை உடனே கழற்றுங்கள். காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். அதைச் சுரண்டி எடுப்பதற்கே எனக்கு அரை மணி நேரம் போகிறது. ரப்பர் பேண்டால் விரலை இறுக்கிக் கட்டாதீர்கள். விரல் மடங்கவில்லை என்றால் வழியில் எதுவும் சாப்பிடாமல் வாருங்கள், மயக்க மருந்து தேவைப்படலாம். கடைசியாக ரணஜன்னி ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் அழுக்குக் கத்தி வெட்டுக்கு மறுபடி தேவைப்படும். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ விரல் முழுதும் வீங்கி, நீட்டினாலே உயிர் போகிற வலி என்றால் உறைக்குள் சீழ் பிடித்திருக்கிறது. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

செலவை நினைத்தோ, இங்கே யார் செய்வார்கள் என்றோ தயங்க வேண்டாம். 1940களின் கடைசியிலேயே வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் என்ற மருத்துவர் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்றி வைத்தார். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. நமக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை இரண்டு மணி நேரப் பயணம்.

ஆத்தங்குடித் தம்பிக்கு முதல் அறுவை முடிந்துவிட்டது. குச்சி உள்ளே இருக்கிறது. இரண்டாவது ஐப்பசியில். அதற்குப் பிறகும் மூன்று மாதம் கனமான எதையும் தூக்கக் கூடாது. அதுவரை சாய அச்சைப் பட்டறையில் வேறொருவர் பிடிக்கிறார். மூட்டு இறுகாமல் இருக்க, மணிக்கு ஒரு தரம் மற்றக் கையால் அந்த விரலை மடக்கி நீட்டச் சொல்லியிருக்கிறேன். போன வாரம் வந்தபோது அப்படி மடக்கிக் காட்டினார். விரல் நுனி உள்ளங்கையைத் தொட்டது.