பேல் ஏல்: வெளிறியதா, இளநிறமா?

பேல் ஏல் என்ற ஆங்கிலேயப் பியர் வகையை முதன்முதலாகக் கோப்பையில் ஊற்றுபவர், பெயரை நம்பி வைக்கோல் மஞ்சளை எதிர்பார்ப்பார். வருவதோ தேன் நிறம். சில வேளை செம்பு நிறமும் கூட. இந்தப் பெயரை அது பிறந்த காலத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

'பேல்' லத்தீனில் வேர்கொண்டு, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வெளிறிய என்று பொருள். முளைகட்டிய பார்லியை, அதாவது மால்ட்டை, விறகுத் தீயில் உலர்த்திய காலத்தில் புகையேறிய பழுப்புப் பானமே பெரும்பாலும் கிடைத்தது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெர்பிஷயரில் கோக் கரியால், அதாவது சுட்டுப் புகை நீக்கிய நிலக்கரியால், உலர்த்தத் தொடங்கினார்கள். புகை விலகியது, சூடு சீரானது, மால்ட்டின் நிறம் இளகியது. பழுப்பு ஏலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது 'பேல்'.

'ஏல்' பழைய ஆங்கிலச் சொல். 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கைப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ சேர்த்தது பியர், சேர்க்காதது ஏல். அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. இன்று, சற்று வெதுவெதுப்பான நிலையில் மேலே திரளும் ஈஸ்ட்டால் நொதிப்பதை ஏல் என்கிறார்கள்.

தமிழில் எப்படிச் சொல்வது? 'வெளிறிய ஏல்' எனக்கு உடன்பாடில்லை. வெளிறியது என்றால் சாயம் போனது என்ற எண்ணம் வருகிறது. இளஞ்சிவப்பு, இளமஞ்சள் என்று சொல்லிப் பழகிய நமக்கு 'இளநிற ஏல்' பொருந்தும். ஏலைக் 'கள்' என்பது தவறு. இன்று கள் என்றால் பனை, தென்னைச் சாறுதான். சங்க நூல்களின் 'தோப்பி' தானியத்தில் வடித்தது என்பதால் நெருங்கி வருகிறது. ஆனால் அது நெல், ஹாப்ஸும் கிடையாது. ஆகவே ஏல், ஏலாகவே இருக்கட்டும்.

சுவைத்து மதிப்பிடும்போது குளிர்ச்சி முதல் எதிரி. 10 முதல் 13 டிகிரி செல்சியஸில் பரிமாறினால்தான் மணம் எழும்: மால்ட்டின் பிஸ்கட் வாசம், ஈஸ்ட் தரும் மெல்லிய பழ வாசம், ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ், ஃபகிள் போன்ற ஆங்கில ஹாப்ஸின் மண்ணும் பூவும் கலந்த மணம். நுரை பொங்க வேண்டியதில்லை. குறைந்த வாயுவே இதன் இயல்பு.

அடுத்தது கைப்பு. இங்கிலாந்து மதுக்கூடங்களில் பீப்பாயிலிருந்து வரும் பேல் ஏலுக்கு 'பிட்டர்', அதாவது 'கைப்பு' என்றே பெயர். பர்ட்டன் அபான் ட்ரென்ட் ஊர்த் தண்ணீரில் ஜிப்சம் மிகுதி. அதிலுள்ள சல்ஃபேட் ஹாப்ஸின் கைப்பைக் கூர்மையாக்கி, விழுங்கியபின் இனிப்புத் தங்காத வறண்ட முடிவைத் தருகிறது. பாஸ் முதலிய பியர் ஆலைகள் அங்கே புகழ்பெற்றதற்கு அந்தத் தண்ணீர் முக்கியக் காரணம்.

பழகாத நாக்குகள் கைப்பையும் துவர்ப்பையும் குழப்பிக்கொள்ளும். அறுசுவையில் இரண்டையும் தனித்தனியே எண்ணும் நாம் குழம்ப வேண்டியதில்லை. கைப்பு விழுங்கியபின் அடிநாக்கில் தங்கி, மெல்லக் கரையும். பச்சைப் பாக்கைக் கடித்ததுபோல் வாய் இழுத்துப் பிடித்தால் அது துவர்ப்பு. அளவுக்கு மீறிய சூட்டில் தண்ணீர் ஊற்றி மால்ட்டை அலசும்போது உமியிலிருந்து இறங்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் பெரும்பாலும் அதற்குக் காரணம். முன்னது இந்த ஏலின் குணம், பின்னது வடித்தவரின் பிழை.