இந்திய வரைபடத்தைத் தரையில் விரியுங்கள்

முதல் வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோரில் ஆண்டுக்கு ஒருவராவது, "எல்லா மாநிலத் தலைநகரமும் சொல்லுவான் டீச்சர், கேட்டுப் பாருங்க" என்று பிள்ளையை என் முன்னே நிறுத்துவதுண்டு. சென்ற ஆண்டு வந்த ஐந்தரை வயதுச் சிறுவனும் இட்டாநகர், ஐஸ்வால், கோஹிமா என்று மூச்சு விடாமல் ஒப்பித்தான். பாராட்டிவிட்டு, "திருவையாறு எந்த நாட்டில் இருக்கிறது?" என்று கேட்டேன். "திருவையாறு இந்தியாவுல இல்ல டீச்சர், தஞ்சாவூர்ல இருக்கு" என்றான். தந்தையின் முகம் வாடிவிட்டது. எனக்கோ, அந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதைத் தலைநகரப் பட்டியலைவிட அந்தப் பதில்தான் தெளிவாகக் காட்டியது.

ஓர் ஊர் ஒரே நேரத்தில் மாவட்டத்துக்குள்ளும் மாநிலத்துக்குள்ளும் நாட்டுக்குள்ளும் இருக்க முடியும் என்பது அந்த வயதில் எளிதில் பிடிபடாது. உளவியலாளர் ழான் பியாஜே 1951-இல் ஆன்மரி வெயிலுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்விலும் இதே குழப்பம் பதிவாகியிருக்கிறது. சுவிட்சர்லாந்து நாட்டு நகரமான ஜெனீவாவின் சிறு பிள்ளைகள் பலர், தாங்கள் ஜெனீவாக்காரர்கள் என்பதால் சுவிஸ்காரர்களாக இருக்க முடியாது என்று வாதிட்டிருக்கிறார்கள். நான் இதற்கு ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் ஐந்து எவர்சில்வர் டப்பாக்களைப் பயன்படுத்துகிறேன். மிகச் சிறியதில் தெருவின் பெயரையும் அடுத்தடுத்தவற்றில் ஊர், மாவட்டம், மாநிலம், நாடு என்றும் எழுதி ஒட்டிவிட்டால், பிள்ளைகள் அவற்றைத் திறந்தும் மூடியும் ஒரு வாரத்தில் தாங்களாகவே விஷயத்தைக் கண்டுகொள்வார்கள். அதற்கு முன் சொல்லிக் கொடுக்கும் தலைநகரங்கள் வெறும் சத்தம்தான். பாட்டாகப் பாடுவதில் தவறில்லை, ஆனால் அதைப் புவியியல் என்று நாம் எண்ணிக்கொள்ள வேண்டாம்.

இனி, நானே பல ஆண்டுகள் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். வகுப்பறைச் சுவரில் இந்திய வரைபடத்தை மாட்டி, மேல்பக்கம் வடக்கு, கீழ்ப்பக்கம் தெற்கு என்று கற்பித்துவந்தேன். ஒருநாள் மூன்றாம் வகுப்பில், "காஷ்மீர் எந்தப் பக்கம் இருக்கிறது, கையைக் காட்டுங்கள்" என்றபோது, பாதி வகுப்பு அண்ணாந்து மின்விசிறியைக் காட்டியது. மீதியில் சிலர் மேற்கே கை நீட்டினார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தை நான் அசட்டையாகத் திருத்திவிட்டேன், பிறகுதான் அவர்கள் சொன்னதில் இருந்த நியாயம் உறைத்தது. எங்கள் ஊரில் மேலத்தெரு என்றால் மேற்குத் தெரு, கீழத்தெரு என்றால் கிழக்குத் தெரு. தஞ்சாவூரின் மேல வீதியும் கீழ வீதியும் அப்படித்தான். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வங்கக் கடலை நோக்கிச் சரியும் நிலத்தில் வாழ்ந்தவர்கள், உயர்ந்த பக்கத்தை மேற்கு என்றும் தாழ்ந்த பக்கத்தைக் கிழக்கு என்றும் வழங்கினார்கள். (மலை கிழக்கே நிற்கும் கேரளத்திலும் கிழக்கு கிழக்காகவே நிலைத்துவிட்டது, மேற்கை மட்டும், ஞாயிறு படியும் திசையென்று 'படிஞ்ஞாறு' ஆக்கிக்கொண்டார்கள்.) ஆக, தமிழ் பேசும் பிள்ளை நாட்டின் இந்தப் பகுதியில் நிலம் சரியும் திசையைத் தன் தெருப் பெயரிலேயே வைத்துக்கொண்டு பள்ளிக்கு வருகிறது, நாம் சுவரைக் காட்டி 'மேலே' என்பது வடக்கு என்று குழப்புகிறோம்.

அன்று முதல் வரைபடத்தைப் பாயைப் போலத் தரையில்தான் விரிக்கிறேன். காலையில் சூரியனைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் வடக்கு என்பதை முற்றத்தில் சில நாள் பழக்கிவிட்டு, வரைபடத்தின் வடக்கை உண்மையான வடக்கோடு பொருத்தி வைத்தால், காஷ்மீர் ஊரின் வடக்கு வாய்க்காலைத் தாண்டி, அதே திசையில் வெகு தூரத்தில் இருப்பது பிள்ளைக்குப் புரிகிறது. வீட்டுக் கூடத்திலும் இதைச் செய்யலாம், செலவு எதுவும் இல்லை.

டெல்டாப் பகுதியில் இதற்கு ஆறும் கைகொடுக்கிறது. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கப்படும் ஆண்டுகளில், மூன்று நான்கு நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிடும். அப்போது இங்கே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். "நம்ம ஊர்ல மழையே பெய்யலையே டீச்சர், ஆத்துல எப்படித் தண்ணி வருது?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், அன்றைக்கு வேறு பாடம் வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று கர்நாடகத்தின் குடகு மலையில் மோதிக் கொட்டும் மழைதான் தலைக்காவிரியில் பிறக்கும் ஆற்றை நிரப்புகிறது. அது கிருஷ்ணராஜசாகரையும் ஒகேனக்கல்லையும் மேட்டூரையும் கடந்து நம் மதகுக்கு வருகிறது. நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடுதான் வரும். மாநிலம், மலை, காற்று, அணை, அண்டை மாநிலத்து மக்கள் எல்லாம் ஒரே கேள்விக்குள் வந்துவிடுகின்றன.

ஏழெட்டு வயதானவர்களுக்குப் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் பெரிய வரைபடம் போடுகிறோம். 100 கிலோமீட்டருக்கு ஓர் அடி என்பது கணக்கு. வடக்கு தெற்காக 3,214 கிலோமீட்டரும் கிழக்கு மேற்காக 2,933 கிலோமீட்டரும் கொண்ட நாடு, ஏறத்தாழ முப்பத்திரண்டு அடி நீளத்திலும் இருபத்தொன்பது அடி அகலத்திலும் அடங்கிவிடும். தஞ்சாவூரில் நிற்கும் பிள்ளைக்குச் சென்னை மூன்றடிக்குள், டெல்லி இருபதடி. காவிரிக்கு எட்டடி நீலக் கயிறு கொடுப்பேன், ஏனென்றால் ஆற்றின் நீளம் சுமார் 800 கிலோமீட்டர். தலைக்காவிரிக்கும் பூம்புகாருக்கும் இடையே தரையில் இருப்பதோ ஐந்தடிதான். கயிறு மிச்சமாகிறதே என்று முதலில் விழிப்பார்கள், பிறகு யாராவது ஒருவர் அதை வளைத்து வளைத்து வைக்கத் தொடங்குவார். கயிற்றைப் பிடித்து அளக்கும் நாளில் ஒரு கதையும் சொல்வேன். 1802-இல் சென்னையின் பரங்கிமலைப் பகுதியில் நில அளவையைத் தொடங்கிய ஆங்கிலேய அதிகாரி லாம்டன், 1808-இல் கோணம் அளக்கும் அரை டன் எடையுள்ள கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கிவிட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வரலாறு இதுதான்.

தூரத்தை நேரமாக உணர வைப்பதும் உதவும். பீகாரிலிருந்து வந்து எங்கள் பள்ளியில் சேர்ந்த சிறுமி ஒருத்தி, ஊருக்குப் போக ரயிலில் இரண்டு ராத்திரி தூங்க வேண்டும் என்று சொன்னதை, கிலோமீட்டர் கணக்கைவிட மற்றவர்கள் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். நெடுஞ்சாலையில் லாரிகளின் பதிவெண்ணைப் பார்த்து மாநிலத்தைச் சொல்லும் விளையாட்டும் நல்லதே, ஆனால் நாகாலாந்துப் பதிவெண்ணோடு இங்கேயே ஓடும் ஆம்னி பஸ்களுக்கு நீங்கள் தனியாக விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

கடையில் வரைபடம் வாங்கும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள். 2014 ஜூன் 2-இல் உருவான தெலங்கானா இல்லாத படங்களையும், ஜம்மு காஷ்மீர் மாநிலமாகவே இருக்கும் படங்களையும் நான் இன்னும் காண்கிறேன். 2019 அக்டோபர் 31-இல் அது ஜம்மு காஷ்மீர், லடாக் என இரண்டு ஒன்றியப் பகுதிகளானது. 2020 ஜனவரியில் தாத்ரா நகர் ஹவேலியும் டாமன் டையூவும் இணைக்கப்பட்டபின் கணக்கு 28 மாநிலம், 8 ஒன்றியப் பகுதி. இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டுப் படங்களில் எல்லைக்கோடு மாறியிருக்கும், நம் நாட்டில் அப்படி வெளியிடுவது சட்டப்படி குற்றம். இந்திய நில அளவைத் துறையின் இணையதளத்தில் சரியான படம் இலவசமாகவே கிடைக்கிறது.

இன்னொன்று, ஓரத்தில் ஒரு பெட்டிக்குள் அந்தமானை அடைத்த படங்கள். அந்தப் பெட்டியைச் சுவராகவே எண்ணி, "அந்தமானைச் சுத்தி மதில் கட்டியிருக்காங்களா?" என்று கேட்ட பிள்ளை எங்கள் வகுப்பில் உண்டு. மைதானத்தில் அவளைச் சென்னையில் நிறுத்தி, கடலுக்குள் கிழக்கே நடக்கச் சொன்னேன். ஸ்ரீ விஜயபுரம் என்று இப்போது பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேருக்குப் பதின்மூன்று அடிக்கு மேல் நடக்க வேண்டும். ஏழாவது அடியில் நின்று, "இன்னும் வரலையே டீச்சர்" என்றாள். "கப்பல்லயும் ரெண்டு மூணு நாள் ஆகும், நட" என்றேன்.