சின்னத் துப்பாக்கிக்குத்தான் உதை அதிகம்

துப்பாக்கியைத் தொட்டே பழக்கமில்லாத ஒருவர் முன்னால் பெரியது ஒன்று, சின்னது ஒன்று என இரண்டு கைத்துப்பாக்கிகளை வைத்தால், கை சின்னதை நோக்கித்தான் போகும். உள்ளங்கையில் அடங்குகிறது, சட்டைக்கடியில் மறைகிறது, பார்க்கவும் சாதுவாக இருக்கிறது. ஒருமுறை சுட்டு, துப்பாக்கி பின்னால் வந்து கையில் இடிக்கும் அந்த ‘உதை’யை வாங்கிப் பார்த்தால் அந்த நினைப்பு மாறிவிடும்.

காரணம் பள்ளியில் படித்த உந்த அழிவின்மை விதிதான். இரண்டிலும் ஒரே 9 மில்லிமீட்டர் தோட்டா என்று வைத்துக்கொள்வோம். குண்டின் நிறை சுமார் 8 கிராம், வேகம் நொடிக்கு 350 மீட்டர் என்றால், அது கொண்டுபோகும் உந்தம், அதாவது நிறையை வேகத்தால் பெருக்கியது, 2.8 (கிலோகிராம்-மீட்டர்/நொடி). அதே 2.8 துப்பாக்கிக்குப் பின்பக்கமாகக் கிடைக்கும். 800 கிராம் துப்பாக்கி நொடிக்கு 3.5 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். 400 கிராம் துப்பாக்கி 7 மீட்டர் வேகத்தில் வரும். ஆற்றலாகக் கணக்கிட்டால் முதலாவது 4.9 ஜூல், இரண்டாவது 9.8 ஜூல். எடை பாதியானால் உதை இரண்டு மடங்கு. (குண்டின் பின்னாலேயே சீறி வரும் வாயுவும் தன் பங்குக்குத் தள்ளும். அதை இங்கே சேர்க்கவில்லை.)

இதோடு முடியவில்லை. குழல் நம் பிடிக்கு மேலே இருப்பதால், உதை நேராகப் பின்னால் வராமல் முனையை மேல்நோக்கித் தூக்குகிறது. குட்டித் துப்பாக்கியின் கைப்பிடியில் சுண்டுவிரலுக்கு இடமே இருக்காது. அடக்கிப் பிடிக்கவும் வழியில்லை. பிஸ்டலில் மேலே சறுக்கும் ஸ்லைடும் அதன் சுருள்வில்லும் உதையைக் கொஞ்ச நேரத்துக்குப் பரப்பிக் கொடுக்கும். சுழலும் உருளையில் தோட்டாக்களை வைத்திருக்கும் ரிவால்வரில் அதுவும் கிடையாது, வந்தது வந்தபடி கைக்கு வரும்.

சரி, உடலோடு வைத்திருக்க எடை குறைவாக இருந்தால் நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் சுமக்கச் சுலபமானதும் சுடச் சுலபமானதும் ஒன்றல்ல. உரிமமும் சட்டமும் இடத்துக்கு இடம் வேறுபடும், அது தனிக் கதை. இயற்பியல் மட்டும் எங்கும் ஒன்றே. நடுத்தர அளவு பிஸ்டலையும், விசையை (சுட விரலால் இழுக்கும் ட்ரிகரை) முழுவதும் மூடும் கெட்டியான உறையையும்தான் நான் சொல்வேன். உறை தளர்வாக இருந்து ஏதாவது உள்ளே புகுந்து விசையை அழுத்திவிட்டால், எந்தத் துப்பாக்கியும் ஆபத்துதான்.

உதையைவிடப் பெரிய எதிரி உதையைப் பற்றிய பயம். குண்டு குழலைக் கடக்க ஆகும் நேரம் ஆயிரத்தில் ஒரு நொடி அளவுதான். மனிதன் ஒன்றை உணர்ந்து அசைய நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வேண்டும். ஆக, உதை கைக்கு உறைக்கும்போது குண்டு போய்விட்டிருக்கும். ஆனால் அடுத்த முறை மூளை முந்திக்கொள்ளும்: விசையை இழுக்கும் முன்பே கண் மூடும், மணிக்கட்டு கீழே அழுத்தும், குண்டு இலக்குக்குக் கீழே போய் விழும்.

அதனால்தான் புதியவருக்கு .22 தோட்டா, அதாவது சுமார் 0.22 அங்குல விட்டமுள்ள சின்னத் தோட்டா. குண்டு 2.6 கிராம், வேகம் நொடிக்கு 320 மீட்டர் என்றால், அதே 800 கிராம் துப்பாக்கியில் உதை அரை ஜூலுக்கும் கீழே. பயம் ஒட்டிக்கொள்ள வாய்ப்புக் குறைவு. அப்புறம் 9 மில்லிமீட்டருக்குப் போகும்போது, பயிற்சியாளர்கள் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றைச் சொல்லாமல் கலந்து வைப்பார்கள். சுடுபவர் விசையை இழுப்பார். ‘டக்’ என்று ஒரு சத்தம், வெடி இல்லை, உதை இல்லை. ஆனாலும் துப்பாக்கி முனை ‘டபக்’ என்று கீழே குனியும்.