மை கசிந்தாலும் மாறாத கோடுகள்

1967-ல் வட அமெரிக்க ரயில்வே நிறுவனங்கள் சரக்கு வேகன்களின் பக்கவாட்டில் நிறப் பட்டைகளை ஒட்டத் தொடங்கின. தண்டவாளத்தின் ஓரம் நிற்கும் கருவி, ஓடும் வேகன்மீது ஒளியைப் பாய்ச்சும். பட்டைகளில் பட்டுத் திரும்பும் நிறங்களை வைத்து, அது யாருடைய வேகன், எண் என்ன என்பதைக் கண்டுபிடித்துவிடும். டேவிட் காலின்ஸ் சில்வேனியா நிறுவனத்தில் உருவாக்கிய இந்த ‘கார்ட்ராக்’ முறையில் பெரும்பாலான வேகன்களுக்குப் பட்டை ஒட்டியாகிவிட்டது. ஆனாலும் சுமார் பத்தே ஆண்டுகளில் திட்டம் கைவிடப்பட்டது. தூசியும் கரியும் படிந்த பட்டைகளைக் கருவியால் சரியாகப் படிக்க முடியவில்லை. அவற்றைத் துடைத்துப் பராமரிப்பாரும் இல்லை.

பார்கோடு போன்ற குறிகளைக் கருவி படித்துப் பொருளை இனங்காணும் தானியங்கி அடையாளத் துறையின் வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தத் தோல்விதான். அழுக்கு, கசிந்த மை, கோணல், அவசரம் இவ்வளவுக்கும் நடுவில் ஓர் எண்ணை மாறாமல் காப்பாற்றுவது எப்படி என்பதுதான் இத்துறை அன்றும் இன்றும் போராடிவரும் சிக்கல்.

பார்கோட்டின் கதை இதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1948-ல் பிலடெல்பியாவின் ட்ரெக்ஸல் கல்லூரிக்கு வந்த மளிகைக் கடைத் தொடரின் தலைவர் ஒருவர், பொருள் விவரத்தைத் தானாகப் படிக்கும் கருவி வேண்டும் என்று கேட்டார். பெர்னார்ட் சில்வர் என்ற மாணவரின் காதில் அது விழுந்தது. நண்பர் நார்மன் ஜோசப் உட்லண்டிடம் சொன்னார். மயாமி கடற்கரையில் உட்கார்ந்திருந்த உட்லண்ட், மோர்ஸ் தந்திக் குறிகளை நினைத்துக்கொண்டே மணலில் விரல்களால் கோடிழுத்தபோது யோசனை பிறந்தது. புள்ளியையும் கோட்டையும் கீழ்நோக்கி நீட்டினால், மெல்லிய கோடும் தடித்த கோடும் கிடைக்கின்றன. எந்தப் பக்கத்திலிருந்தும் படிக்க முடிய வேண்டும் என்பதற்காக அவற்றை வளைத்து, ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்களாக்கினார்கள். 1952-ல் காப்புரிமையும் கிடைத்தது.

ஆனால் அவர்களுடைய மாதிரிக் கருவிக்கு 500 வாட் பல்பு தேவைப்பட்டது. மெல்லிய கற்றையாக ஒளியைப் பாய்ச்ச லேசர் வேண்டும். அது வந்ததோ 1960-ல். எந்தக் கடையையும் எட்டாமலே காப்புரிமைக் காலம் முடிந்துபோனது. சில்வர் 1963-லேயே இறந்துவிட்டார். தன் யோசனை உலகெங்கும் பரவியதை அவர் பார்க்கவே இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

1972-ல் சின்சினாட்டியின் ஒரு க்ரோகர் கடையில் ஆர்சிஏ நிறுவனம் வட்டக் குறியைச் சோதித்தது. அங்கே வில்லனாக வந்தது மை. அச்சு இயந்திரத்தில் காகிதம் ஓடும் திசையில் மை இழுபடும். வட்டத்தில் எல்லாத் திசைக் கோடுகளும் இருப்பதால், எங்காவது ஒரு பகுதி கண்டிப்பாகக் கெடும்.

ஐபிஎம் பொறியாளர் ஜார்ஜ் லாரர் வட்டத்தை விட்டு நேர்கோட்டுக்குத் திரும்பினார். காகிதம் ஓடும் திசையிலேயே கோடுகள் நீளுமாறு அச்சிட்டால், இழுபடும் மை கோட்டைக் கொஞ்சம் உயரமாக்கும், அவ்வளவுதான். அகலம் கெடாது.

மை பக்கவாட்டில் கசிந்தால்? கறுப்புக் கோடு இரு பக்கமும் சற்றுப் பருக்கும். பக்கத்து வெள்ளை இடைவெளி அதே அளவு மெலியும். அகலத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். அதனால் ஒரு கோட்டின் இடது விளிம்பிலிருந்து அடுத்த கோட்டின் இடது விளிம்பு வரை அளக்கிறார்கள். கசிவால் இரண்டு விளிம்புகளும் ஒரே பக்கமாக, ஒரே அளவு நகர்ந்திருக்கும். அவற்றுக்கு இடையிலுள்ள தூரம் மாறாது! பத்து இலக்கங்களில் 1-ம் 7-ம், 2-ம் 8-ம் மட்டும் இந்த அளவில் ஒன்றுபோலவே தெரியும். அங்கே மட்டும் கோட்டின் அகலத்தையும் பார்த்தாக வேண்டும். இவ்வளவு எளிய ஜியோமெட்ரியால் இவ்வளவு பெரிய தொல்லை தீர்ந்ததை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

திசைப் பிரச்சினையும் இப்படித்தான் தீர்ந்தது. ஒவ்வொரு இலக்கமும் ஏழு சம கட்டங்களில் அடங்கும். குறியின் இடப் பாதியில் ஓர் இலக்கத்தின் கறுப்புக் கட்டங்கள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் வரும். வலப் பாதியில் இரட்டைப்படை. எனவே பொருளைத் தலைகீழாக வைத்தாலும், எந்த முனையிலிருந்து படிக்கிறோம் என்பது ஸ்கேனருக்குத் தெரிந்துவிடும்.

குறியின் பன்னிரண்டு இலக்கங்களில் கடைசி இலக்கம் ஒரு காவல்காரன். 03600029145 என்ற பதினொரு இலக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றின் கூட்டுத்தொகை 14. மூன்றால் பெருக்கினால் 42. மற்ற இடங்களின் கூட்டுத்தொகை 16. ஆக மொத்தம் 58. அடுத்த பத்தின் மடங்கான 60-ஐ எட்ட 2 தேவை. அதுவே பன்னிரண்டாம் இலக்கம். ஏதேனும் ஓர் இலக்கத்தைத் தவறாகப் படித்தாலும் கணக்கு உதைக்கும். ஸ்கேனர் அந்த வாசிப்பை ஏற்காது.

1973 ஏப்ரலில் அமெரிக்க மளிகைத் துறை இந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது. 1974 ஜூன் 26 அன்று ஒஹாயோ மாநிலம் ட்ராய் நகரின் மார்ஷ் கடையில் ரிக்லி சூயிங்கம் பாக்கெட் ஒன்று முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது. விலை 67 சென்ட். அந்தக் காலத்து ஸ்கேனர்களின் சிவப்பு லேசருக்குச் சிவப்புக் கோடு வெள்ளையாகவே தெரியும். வெள்ளைத் தாளில் சிவப்புப் பார்கோடு வராததற்கு இதுதான் காரணம்.

தொழிற்சாலைகளுக்கு எண்ணோடு எழுத்தும் தேவைப்பட்டதால், கோட் 39 போன்ற வேறு குறிகள் பிறந்தன. பிறகு ஜப்பானில், டென்ஸோ நிறுவனத்தின் வாகன உதிரிபாக ஆலைகளில் பழைய சிக்கல் திரும்பி வந்தது. ஒரே பெட்டியில் பல பார்கோடுகள். ஒவ்வொன்றாகப் படிப்பதிலேயே நேரம் போனது. ஆலை என்றால் எண்ணெயும் அழுக்கும் இருக்கத்தானே செய்யும்! மசாஹிரோ ஹராவின் குழு 1994-ல் வெளியிட்ட க்யூஆர் குறி, தகவலோடு கூடுதலான திருத்தக் குறியீடுகளையும் சேர்த்தே சுமக்கிறது. திருத்தத்துக்கு நான்கு நிலைகள் உண்டு. உச்ச நிலையில் குறியீட்டின் சுமார் 30 சதவீதம் அழிந்தாலும் மீதியிலிருந்து முழுத் தகவலையும் கணக்கிட்டு மீட்டுவிடலாம். நடுவில் சின்னம் பதித்த க்யூஆர் குறிகளும் இதனால்தான் வேலை செய்கின்றன.

ஆனால் க்யூஆர் குறியின் மூன்று மூலைகளில் உள்ள பெரிய சதுரங்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அவற்றின் மையம் வழியாக எந்தக் கோணத்தில் கோடு இழுத்தாலும் கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் மாறி மாறி வரும். அச்சுப் பொருட்களில் மிக அரிதாகவே காணப்படும் விகிதம் என்று தேடிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது இது. கேமரா அந்த விகிதத்தைத்தான் முதலில் தேடும். அது மறைந்துபோனால், திருத்தக் கணக்கைத் தொடங்கவே வழியில்லை.